திம்மராயன் சூடேற்றிய ஸ்வெட்டர்

தளிக்குப் போகிற மேட்டு நிலத்தில் நெருஞ்சிப்பள்ளி என்று ஒரு ஊர் உண்டு. அங்கே கார்த்திகை பிறந்துவிட்டால் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துப் போகிறவர் ஆணா பெண்ணா, மாமனா மச்சானா என்று யாருக்கும் தெரியாது. தலையில் குரங்குக் குல்லா, குல்லா மேல் துண்டு, துண்டைச் சுற்றி மஃப்ளர், உள்ளே ஒரு சட்டை, அதற்கு மேல் ஒரு சட்டை, இரண்டுக்கும் நடுவில் நெஞ்சை ஒட்டி முந்தாநாள் பேப்பர் நாலாக மடித்து, ஏனென்றால் கம்பளி குளிரைத் தடுக்குமே தவிர எதிர்க்காற்றைத் தடுக்காது, அதற்குக் காகிதம்தான் வேண்டும்; கைக்குக் காலில் போடுகிற சாக்ஸ், அதில் விரல்களுக்கு ஓட்டை, பிரேக் பிடிக்க வேண்டுமே; முழங்காலுக்கு உரச் சாக்கை வெட்டிச் சணலால் கட்டி; இவ்வளவும் போட்டுக்கொண்டு, கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டு, மூக்கு நுனி மட்டும் தெரிய, வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு அவர்கள் ஏரிக்கரை தாண்டி, மேடேறி, அந்தப் பக்கத்து இறக்கத்தில் இருக்கும் பால் சொசைட்டிக்குப் போவார்கள். எதிரே வருகிறவரைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல் அடிக்கிற தினுசை வைத்து.

இதெல்லாம் குளிர் இருக்கிற எந்த ஊரிலும் உள்ளதுதான். நெருஞ்சிப்பள்ளியில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது, அதற்குப் பேர் சூடேற்றுவது. விடியலில் சைக்கிள் எடுக்கிறவர் போட்டுக்கொண்டு போகவேண்டிய ஸ்வெட்டரை முந்தின ராத்திரி வீட்டில் இன்னொருத்தர் போட்டுக்கொண்டு படுப்பார். கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து, தலைவழியே கழற்றி, தரையில் படாமல் கைக்குக் கை மாற்றிக் கொடுக்க, வாங்குகிறவர் சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு புறப்படுவார். புருஷனுக்குப் பெண்டாட்டி ஏற்றுவாள், மகனுக்குத் தாய் ஏற்றுவாள். ஆளில்லாத ஒருத்தன் தன் நாய்க்குப் போட்டுப் படுக்கவைத்தான் என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய்யாகவும் இருக்கலாம். அப்படி ஏற்றின சூடு ஏரிக்கரை வரைக்கும் தாங்கும், கெட்டிக்காரர் ஏற்றினால் மேட்டின் அடிவாரம் வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் மேடே உடம்பைக் காய்ச்சிவிடும். சிவராத்திரி கழிகிற வரைக்கும் அந்த ஸ்வெட்டரைத் துவைக்க மாட்டார்கள், ஏறின சூடெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று. ரோட்டிலிருந்து வந்ததை நேராக வீட்டுக்குள்ளும் கொண்டுபோக மாட்டார்கள், வாசல் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ரோட்டுக் குளிர் அதில் ஒட்டிக்கொண்டு வரும், பொழுது சாய்கிற வரைக்கும் அது தொங்கி வடியட்டும், வீட்டிலிருக்கிறவர் உடம்பில் மட்டும் உடனே படக் கூடாது என்று சொல்வார்கள். ஏன் படக் கூடாது என்று யாரும் கேட்டதில்லை.

திம்மராயன் அந்த ஊரில் பால் எடுத்துப் போகிறவர்களில் பலசாலி. மற்றவர்கள் இறங்கித் தள்ளுகிற மேட்டில் அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவான். பாட்டு கேட்கிற மாதிரி இருக்காது, ஆனாலும் பாடுவான். அவனுக்குச் சூடேற்றினவள் பெண்டாட்டி முனிலட்சுமி. போன வருஷத்துக் குளிரில், பனி மூடின இறக்கத்தில், எதிரே லைட் போடாமல் வந்த டெம்போவுக்கு ஒதுங்கிப் பாறையில் விழுந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கால் நின்றது, மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு பெடலை என்ன செய்வது?

அதனால் முனிலட்சுமி சைக்கிளை எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே அவனுடைய பழைய பேண்ட்டைப் போட்டு, அவனுடைய இரண்டு சட்டை, அவனுடைய குல்லா, அவனுடைய மஃப்ளர், நெஞ்சில் காகிதம் எல்லாமாக அவள் ஏரிக்கரையில் போனபோது எதிரே வந்தவர்கள் திம்மராயனுக்குக் கால் சரியாகிவிட்டது என்றே நினைத்தார்கள். ஓசூர் ரோட்டோரம் திபெத்துக்காரர்கள் கடை போட்டிருந்தபோது அவன் தனக்கென்று வாங்கின காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர், முன்னால் ஜிப் வைத்தது, அதுவும் அவளுக்கு வந்தது. வழக்கத்தை விட முடியாது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அவளுக்கு அவன் சூடேற்றினான்.

ஊரில் சிரிக்காமல் இருப்பார்களா? டீக்கடைப் பக்கம் தடியை ஊன்றிக்கொண்டு அவன் போனால், என்ன திம்மராயா, நேத்து நல்லா சூடு வெச்சியா, அடுப்பும் நீதான் மூட்டினியா என்று கேட்டார்கள். அவனும் சளைக்கவில்லை, உன் ஸ்வெட்டரையும் கொண்டாடா, ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போட்டுக்கறேன் என்றான். வெளியே அப்படி. உள்ளே அவனுக்கு அது வேலையாகிப்போனது. பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, ஜிப்பைத் தொண்டை வரைக்கும் இழுத்துவிட்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, புரண்டால் சூடு சிந்திவிடும் என்பதுபோல அசையாமல் கிடந்து, கறவைக்காரன் மாட்டிடம் கடைசிச் சொட்டையும் இழுக்கிற மாதிரி தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்தக் கம்பளிக்குள் இறக்கிவைத்தான்.

மார்கழியில் ஒரு நாள் ஸ்வெட்டர் ஆறவில்லை.

ஏரிக்கரை தாண்டியும் ஆறவில்லை, மேட்டின் அடிவாரம் தாண்டியும் ஆறவில்லை, உச்சியிலிருந்து இறங்கும்போது காது அறுந்து விழுகிற மாதிரி வீசும் காற்றிலும் ஆறவில்லை. முனிலட்சுமி சொசைட்டியில் கேனை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து வாசல் ஆணியில் அதை மாட்டினபோது அது சினை மாட்டின் வயிறு மாதிரி வெதுவெதுவென்று தொங்கியது. பரவாயில்லை, நல்லாத்தான் ஏத்தியிருக்கார் என்று நினைத்துக்கொண்டு அவள் சாணி அள்ளப் போனாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். ஆணிக்குக் கீழே கோழிகள் வந்து அடைந்தன. பக்கத்து வீட்டுப் பாப்பக்கா, தயிர் உறையாத குளிரில், பால் சட்டியைக் கொண்டுவந்து அந்த ஸ்வெட்டருக்குள் வைத்து, கை இரண்டையும் முடிந்து, மத்தியானம் கெட்டித் தயிராக எடுத்துக்கொண்டு போனாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள், மாவு புளிக்கவில்லை என்று. சொசைட்டி செக்ரட்டரி பாலுக்கு வைக்கிற சூடுமானியைப் பாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்து, எடுத்து உதறி, மறுபடி விட்டுப் பார்த்து, நல்ல கம்பளிம்மா, ஒரிஜினல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. துவைக்காமல் வைத்திருந்தால் சூடு நிற்கும் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே, இது கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டது, அவ்வளவுதான். வாசலில் வரிசை வந்தது, வரிசைக்கு முறை வந்தது. காலையில் முனிலட்சுமி திரும்பினதும் முதலில் கிழவர்கள் கை காய்ச்சுவார்கள், பிறகு இருமுகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து முதுகில் ஒத்தியெடுப்பார்கள், பிறகு தயிர், பிறகு மாவு. சண்டை வந்தது, சண்டை தீர்ந்தது, முழங்கால் வலிக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை என்று ஆனது. தை பிறந்தபோது ரத்னம்மாவுக்கு மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது, அணில் குஞ்சு மாதிரி, ஆஸ்பத்திரியில் பெட்டிக்குள் வைத்திருந்து அனுப்பினார்கள், வீட்டில் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி. எதைக் கொண்டு சூடாக வைப்பது? பகலெல்லாம் அந்தக் குழந்தை ஸ்வெட்டருக்குள் இருந்தது. மற்ற வரிசையெல்லாம் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டது.

வீட்டுக்குள்ளே திம்மராயன் குளிர்ந்துகொண்டு வந்தான்.

முதலில் கை. டம்ளரை வாங்கும்போது விரல் பட்டு முனிலட்சுமிக்குச் சுருக்கென்றது, விடியலில் குழாயைத் தொட்ட மாதிரி. பிறகு காப்பி அவன் உதட்டுக்குப் போவதற்குள் ஆறியது. காலடியில் படுக்கிற பூனை அடுப்படிக்கு மாறிப்போனது. குளிருக்கு ஒதுங்குகிற ஈகூட அவன் மேல் உட்காரவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸம்மா கக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவே இல்லை. அவர் அதை உடைந்ததாக எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரத்தம் கம்மி, கீரை குடுங்க என்று மாத்திரை கொடுத்தார். வெயிலில் கட்டிலைப் போட்டால் அவன் படுத்திருக்கிற இடத்தில் வெயில் நிலா மாதிரி விழுந்தது. பக்கத்தில் கணப்பு மூட்டினால் கட்டை புகைந்ததே தவிர எரியவில்லை.

குளிர்கிறவனுக்கு என்ன செய்வார்கள்? போர்த்துவார்கள். இருக்கிறதிலேயே சூடான துணியைத்தான் போர்த்துவார்கள். முனிலட்சுமியும் பொழுது சாய்ந்ததும் குழந்தையை ரத்னம்மா கையில் கொடுத்துவிட்டு, ஆணியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து, அவனுக்கு மாட்டி, ஜிப்பை ஏற்றிவிட்டு, மேலே கம்பளியும் போர்த்தினாள். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்பான். விடிந்தால் ஸ்வெட்டர் நேற்றைவிடச் சூடாக இருக்கும், அவன் நேற்றைவிடக் குளிர்ந்து இருப்பான். அதனால் அன்றைக்கு இன்னும் சீக்கிரமாகவே அவனுக்கு மாட்டிவிடுவாள்.

ஊர் அதற்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தது. பாப்பக்காதான் முதலில், சாயங்காலக் கறவை கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று திம்மராயன் கட்டிலுக்குக் கீழே கேனைத் தள்ளிவைத்தாள். அப்புறம் அஸ்வத்தப்பா வந்தார். கிரீன் ஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறவர். மாசி பிறந்ததும் வருகிற காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற சிவப்பு ரோஜா, மொட்டு பிரியாமல் லாரி ஏற வேண்டும். அவருடைய குளிர் ரூம் மெஷின் நின்றுபோய், மெக்கானிக் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கெட் பூவைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து, திம்மராயா, கோவிச்சுக்காத, ஒரு நாளைக்கு உன் ரூம்ல இருக்கட்டும் என்றார். மறுநாள் பார்த்தால் பறித்தபடியே இருந்தது, முள்ளில் இருந்த பனித்துளிகூட உலரவில்லை. அப்புறம் பக்கெட் பக்கெட்டாக வந்தது. கட்டிலைச் சுற்றிலும், தலைமாட்டில், பரண்மேல், சுவரோடு சுவராக எங்கே பார்த்தாலும் விரியாத சிவப்பு மொட்டு, நடுவில் திம்மராயன், தடியால் சுட்டிக்காட்டி, அந்தப் பக்கெட்டை இந்தப் பக்கம் வை, இது நேத்து வந்தது, அது முன்னால போகணும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டு. விழுந்த நாளிலிருந்து அவன் முகம் அப்படித் தெளிந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது வாசலில் நின்று, அண்ணா, நம்ம பூவுக்கும் கொஞ்சம் எடம் கெடைக்குமா என்று கேட்டார்கள்.

முனிலட்சுமி மட்டும் அந்தப் பூவுக்கு நடுவே நுழையும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஐஸ் பெட்டியில் வைத்த ஆளைச் சுற்றித்தான் அவள் அவ்வளவு பூ பார்த்திருக்கிறாள்.

ஒரு விடியலில் அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஸ்வெட்டரை வாங்கக் கை நீட்டி நின்றாள். பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து புகை வந்தது, கொட்டகையில் மாட்டின் மூக்கிலிருந்து புகை வந்தது, தெருவில் போன நாயின் வாயிலிருந்துகூட வந்தது. திம்மராயன் எழுந்து உட்கார்ந்து, இரு முனி, ஜிப்பு மாட்டிக்கிச்சு என்று பேசினான். அவன் வாயிலிருந்து புகை வரவில்லை. வெளியே இருக்கிற குளிரும் உள்ளே இருக்கிற குளிரும் ஒன்றாகிவிட்டால் புகைக்கு என்ன வேலை? கை நீட்டினபடியே அவள் நின்றாள். இத்தனை நாளும் தான் அவனைப் போர்த்தினது போர்த்தினதல்ல, பால் கறக்கிற மாதிரி ராத்திரிக்கு ராத்திரி அவனைக் கறந்து தான் போட்டுக்கொண்டு போனது என்று அந்த வாசலில் அவளுக்கு விளங்கியது.

"இன்னிலேருந்து நீங்க இதைப் போட்டுக்க வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"உங்க வாயில புகை வரல."

"பீடியை விட்டுட்டேன்ல" என்றான் திம்மராயன்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்வெட்டரை வாங்காமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தடியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, தெரியும் என்றான். பொங்கலுக்கு முன்னாலேயே தெரியும் என்றான்.

"தெரிஞ்சும் ஏங்க போட்டுக்கறீங்க?"

"வேற என்ன முனி இருக்கு என்கிட்ட, உனக்குக் குடுக்கறதுக்கு? காலு இல்ல. சம்பாத்தியம் இல்ல. நீ மேடேறும்போது குளிராம போறேன்னு நெனச்சா எனக்கு அதுதான் சோறு. அதையும் வேணாம்னா நான் எதுக்கு இங்க படுத்துக்கெடக்கறேன், சொல்லு?"

அன்றைக்கு ஸ்வெட்டர் இல்லாமல், சட்டையும் காகிதமுமாகவே பால் கொண்டுபோனாள். சாயங்காலம் அதை மாட்டுத் தீவன மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். விடிந்து எழுந்தால் அவன் அதைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் கை செருகி, அசையாமல் படுத்திருந்தான். சூடான பொருளை அந்த ஊரில் எங்கே ஒளித்தாலும் கோழிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலு நாளில் அவன் பேச்சு மெதுவானது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு ஆள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். புருவத்தில் வெள்ளையாகப் பொடிந்திருந்தது. நரை என்று நினைத்து அவள் துடைத்தாள், கையில் ஈரமாக வந்தது. பாடச் சொன்னாள், எப்போதும் மேட்டில் பாடுவதை. அவனுக்கு முதல் அடி ஞாபகம் வரவில்லை.

முனிலட்சுமி ஸ்வெட்டரைத் துவைத்துவிடப் போகிறாள் என்று பாப்பக்கா வாய்வழியாக ஊருக்குத் தெரிந்து, ஏரிக்குப் போகிற வழியில் ஜனம் கூடிவிட்டது. யாரும் அதட்டவில்லை. கெட்டவர்கள் என்றால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிவராத்திரிக்கு முன்னால துவைச்சா அவன் குடுத்ததெல்லாம் தண்ணியோட போயிடும், அப்புறம் எங்கிருந்து திரும்ப வரும் என்று ஒரு பெரியவர் கேட்டார், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அவள் பயந்ததும் அதற்குத்தான். அஸ்வத்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பத்து நாள் பொறுத்துக்கோம்மா. பூ லாரி ஏறட்டும். அப்புறம் உன் இஷ்டம். இந்த வருஷம் போச்சுன்னா நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ரத்னம்மா குழந்தையைப் புடவைக்குள் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள், அதன் தலை முனிலட்சுமியின் கைப்பிடி அளவுகூட இல்லை. என் புருஷன் செத்துக்கிட்டிருக்கான் என்று முனிலட்சுமி சொன்னபோது பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் வழியை விட்டு விலகவில்லை. எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் ஸ்வெட்டரோடு திரும்பி வந்தாள்.

அன்றைக்கு முழுக்க அவள் ஒரே ஒரு விஷயத்தை மாவு மாதிரி போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்வெட்டர் எப்போது அதிகச் சூடாக இருக்கிறது? அவன் கையிலிருந்து வாங்கும்போது அல்ல. மேட்டின் உச்சியில். அங்கே போய்ச் சேரும்போது உள்ளே வெந்துபோகும், ஜிப்பை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், எல்லாச் சைக்கிள்காரர்களும் உச்சியில் நின்று பொத்தானைக் கழற்றுவார்கள். படுத்துக்கிடக்கிற உடம்பு இருக்கிறதைத்தான் கொடுக்கும். மிதிக்கிற உடம்பு புதிதாக உண்டாக்கும். ஆனால் அந்த ஊரில் ஸ்வெட்டர் ஒரு பக்கமாகவேதான் போய்க்கொண்டிருந்தது, படுத்தவரிடமிருந்து மிதிக்கிறவருக்கு. மிதித்தவர் கழற்றி, சூடு ஆறுவதற்குள், படுத்தவருக்குக் கொடுத்ததாக ஒரு தலைமுறையிலும் இல்லை. வந்ததும் மாட்டச் சொன்ன வாசல் ஆணி நடுவில் தடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் அவள் பால் கேன்களைக் கழற்றித் திண்டில் வைத்தாள். கேரியரில் மடித்த சாக்கைப் போட்டு, திம்மராயனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி உட்காரவைத்தாள்; மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. மடங்காத கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு உரச் சாக்கைச் சுற்றினாள். அவன் தலைக்குக் குல்லா, குல்லா மேல் துண்டு, துண்டு மேல் மஃப்ளர். ஒரு பழைய புடவையால் அவன் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். ஸ்வெட்டரைத் தான் போட்டுக்கொண்டாள்.

"எங்க... போறோம்?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் சைக்கிள் ஏரிக்கரையைத் தாண்டியிருந்தது.

அவன் குளிர் அவள் முதுகில் ஸ்வெட்டரைத் தாண்டி இறங்கியது. எதிரே வந்தவர்கள் பெல் அடித்தார்கள், அவள் அடிக்கவில்லை. அடிவாரத்தில் அவள் இறங்கவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, நின்று மிதித்தாள். செயின் முனகியது, சக்கரம் ஒவ்வொரு கல்லாக யோசித்து யோசித்து ஏறியது, பால் கொண்டுபோகிறவர்கள் தள்ளிக்கொண்டு போன தங்கள் சைக்கிளை நிறுத்தி ஓரம் ஒதுங்கினார்கள். ஒருத்தர், ஏம்மா இறங்கித் தள்ளும்மா, நாங்க ஒரு கை குடுக்கறோம் என்றார். வேணாம் என்று சொல்லக்கூட மூச்சு இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். தள்ளினால் நடக்கிற சூடுதான் வரும், அது போதாது. பாதி மேட்டில் காகிதம் வியர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியது. முக்கால் மேட்டில் கண் இருட்டியது. விழுந்தால் கட்டின புடவையோடு இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம், அதுவும் சரிதான் என்று நினைத்து மிதித்தாள். உச்சிக்கு வந்தபோது ஸ்வெட்டரின் கழுத்திலிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது.

ஒரு காலை ஊன்றி, புடவை முடிச்சை அவிழ்த்து, திரும்பி, ஜிப்பை இறக்கிக் கழற்றி, ஒரு மூச்சு நேரம்கூடக் காற்றில் தொங்கவிடாமல் அவனுக்கு மாட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர், ஐயோ, ரோட்டுக் குளிர் என்று வாய்விட்டுச் சொன்னார். அவள் ஜிப்பைத் தொண்டை வரைக்கும் ஏற்றி, தன் இரண்டு கையையும் அவன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் ஊரில், திம்மராயனின் சாத்தின அறைக்குள், பக்கெட் பக்கெட்டாக நின்ற ரோஜாவெல்லாம் ஒரே சமயத்தில் விரியத் தொடங்கின. அஸ்வத்தப்பா வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் முழுசாக மலர்ந்து, மலர்ந்ததோடு நிற்காமல் உதிர்ந்து, கட்டில் கால் தெரியாமல் இதழாகக் கிடந்தது. பூ ஏற்றப் பின்னால் வந்த லாரி வெறும் லாரியாகத் திரும்பியது. அவர் உள்ளே போகாமல், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். ரத்னம்மா வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். ஒன்றும் செய்யத் தோன்றாமல் குழந்தையைத் தன் ஜாக்கெட்டுக்குள் வெறும் மார்போடு போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறுகிற வரைக்கும் அவள் வைத்திருந்தாள், அவளுக்குக் கை மரத்தபோது பாப்பக்கா வாங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள், அவளிடமிருந்து இன்னொருத்தி. தயிர் வைக்க வந்தவர்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஊர்ப் பாலில் பாதி சொசைட்டிக்குப் போகவில்லை.

மேட்டின் மேல் திம்மராயன் ஸ்வெட்டருக்குள் குறுகி உட்கார்ந்திருந்தான். பனி அவர்களைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு அவன் தொண்டையில் ஏதோ அசைந்து, வாய் திறந்து, வாயிலிருந்து மெலிசாக, பீடியின் கடைசி இழுப்பு மாதிரி, ஒரு புகை வந்தது.

"வேகுது முனி" என்றான். "ஜிப்பைக் கொஞ்சம் எறக்கு."

அவள் இறக்கவில்லை. மறுபடி புடவையைக் கட்டி, சைக்கிளைச் சொசைட்டி இருக்கும் இறக்கத்துப் பக்கம் திருப்பினாள். திரும்பி ஊருக்குப் போவதற்கு அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை, மிதிக்காத உடம்பில் சூடு உண்டாகாது. வியர்த்து நனைந்த இரண்டு சட்டையோடும் கூழான காகிதத்தோடும் அவள் அந்தக் காற்றுக்குள் இறங்கினாள். முதலில் விரல், பிறகு முழங்கை, பிறகு பல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவனுக்குக் கேட்கக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்படி எத்தனை விடியல் இந்த மேட்டை ஏறி அவனுக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு இந்த உடம்பு தாங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து அவன் கன்னத்தை அவள் முதுகில் சாய்த்தான். கொஞ்ச தூரம் அப்படியே வந்தார்கள்.

"முனி, உன் முதுகு சில்லுனு இருக்கே."

"பேசாம பிடிச்சுக்குங்க" என்றாள் முனிலட்சுமி. "வளைவு வருது, நான் பிரேக் பிடிக்கணும்."